தயோல்-டைசல்பைடு சமநிலை

தயோல்-டைசல்பைடு சமநிலை என்பது உடலிலுள்ள தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்களுக்கும், அவை ஆக்சிசனேற்றம் அடைந்து இரண்டிரண்டாகப் பிணைவதால் உண்டாகும் டைசல்பைடுகளுக்கும் இடையே நிலவும் அளவுத் தொடர்பைக் குறிக்கும். உயிரணுக்களின் உள்ளேயும் குருதியிலும் இத்தொடர்பு ஏறத்தாழ மாறாமல் பேணப்படுகிறது. ஆக்சிசனேற்ற அழுத்தம் மிகும்போது தயோல்கள் குறைந்து டைசல்பைடுகள் பெருகுகின்றன. இதனால் நீரிழிவு, இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி எனப் பல நோய்களில் ஆக்சிசனேற்ற அழுத்தத்தின் குறிகாட்டியாக இச்சமநிலை அளக்கப்படுகிறது. எனினும் எந்த இடத்தில், எந்தத் தயோல், எந்த முறையால் அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, கிடைக்கும் எண்ணின் பொருள் பெரிதும் மாறும்.

இங்கு சமநிலை என்னும் சொல் வேதியியல் பாடநூல்களில் வரும் பொருளில் ஆளப்படுவதில்லை. மூடிய குடுவையில் ஒரு வினை தானாக ஓய்ந்து நிற்கும் நிலை அதுவாகும். உடலில் இருப்பதோ, ஒருபுறம் கசிந்துகொண்டும் மறுபுறம் இறைத்து நிரப்பப்பட்டுக்கொண்டும் இருக்கும் தொட்டியின் நீர்மட்டம் போன்றது. இறைப்பு நின்றால் மட்டம் இறங்கிவிடும்.

சொற்கள்

கந்தக அணு ஒன்றும் ஐதரசன் அணு ஒன்றும் சேர்ந்த குழுவைத் தாங்கிய கரிமச் சேர்மம் தயோல் ஆகும். இதன் பழைய பெயர் மெர்காப்டான். பாதரசத்தைப் பற்றிக்கொள்வது என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து, டென்மார்க்கு நாட்டு வேதியியலாளர் சைசெ 1830களில் இப்பெயரை அமைத்தார். பாதரசம், ஈயம், ஆர்செனிக்கு முதலியன நஞ்சாவதற்கு, அவை புரதங்களின் தயோல் குழுக்களைப் பற்றிக்கொள்வது ஒரு முதன்மைக் காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. சமையல் எரிவாயுக் கசிவை உணர்த்தும் கெட்ட நாற்றமும் தயோலின் நாற்றமே. மணமற்ற அவ்வாயுவில் எத்தில் மெர்காப்டான் சிறிதளவு வேண்டுமென்றே கலக்கப்படுகிறது.

இரண்டு தயோல்கள் தத்தம் ஐதரசனை இழந்து, கந்தகத்தோடு கந்தகம் நேராகப் பிணைந்தால் கிடைப்பது டைசல்பைடு. எதிர்மின்னிகளை இழப்பது ஆக்சிசனேற்றம், பெறுவது ஒடுக்கம். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று வழங்கும். எனவே தயோல் ஒடுக்கப்பட்ட வடிவம், டைசல்பைடு ஆக்சிசனேற்றமடைந்த வடிவம்.

சிஸ்டீன், சிஸ்டைன் ஆகிய இரு பெயர்களையும் வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிஸ்டீன் என்பது தயோல் குழுவுள்ள அமினோ அமிலம். இரண்டு சிஸ்டீன்கள் டைசல்பைடாகப் பிணைந்தது சிஸ்டைன். தமிழில் ஓர் எழுத்துக் குறியே வேறுபாடு. வேதியியலில் இக்கட்டுரை முழுவதும் பேசும் வேறுபாடு அதுவே.

வேதியியல் அடிப்படை

சிஸ்டீனின் தயோல் குழு தனித்திருக்கும்போது நேரடியாக அவ்வளவு வினைபுரிவதில்லை. அது தன் ஐதரசன் அயனியை விட்டு எதிர்மின்னேற்றம் பெற்ற தயோலேட்டாக மாறினால்தான் வேகமாக வினைபுரியும். தனிச் சிஸ்டீனின் தயோலுக்கு அமிலப் பிரிகை மாறிலி (பி.கே.ஏ.) சுமார் 8.3. குருதியின் பி.எச். 7.4. இவற்றிலிருந்து கணக்கிட்டால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூலக்கூறுகளே தயோலேட்டாக இருக்கும் எனத் தெரியவரும். ஆனால் சில புரதங்களில், அருகிலுள்ள அமினோ அமிலங்களின் மின்னேற்றத்தால் இந்த மாறிலி வெகுவாகக் குறைந்து, குறிப்பிட்ட ஒரு சிஸ்டீன் மட்டும் முழுதும் தயோலேட்டாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான சிஸ்டீன்களுள் சில மட்டும் ஐதரசன் பெராக்சைடுக்கு எளிதில் இரையாவதன் காரணம் இதுவே.

பெராக்சைடு தாக்கும்போது தயோல் முதலில் சல்பீனிக்கு அமிலமாகிறது. இது நிலையற்றது. அருகில் மற்றொரு தயோல் இருந்தால் உடனே அதனோடு பிணைந்து டைசல்பைடாகிவிடும். இதுவரை நடந்தவை அனைத்தும் மீளத்தக்கவை. அருகில் தயோல் இல்லாமல் பெராக்சைடு மேலும் தாக்கினால் சல்பினிக்கு அமிலமும், பின்னர் சல்போனிக்கு அமிலமும் உண்டாகின்றன. பெராக்சிரிடாக்சின் என்னும் நொதியத்தில் சல்பினிக்கு நிலையைத் திருப்பும் வழி ஒன்று உண்டு. சல்போனிக்கு நிலையிலிருந்து மீட்சி இல்லை, அப்புரதத்தைச் சிதைத்துப் புதிதாகச் செய்வதே வழி. ஆகவே டைசல்பைடு உருவாதல் என்பது சேதம் மட்டுமன்று. பெருஞ்சேதத்திலிருந்து காக்கும் ஓர் இடைத்தங்கலாகவும் அது அமைகிறது.

எல்லா டைசல்பைடும் நோயின் அடையாளமும் அன்று. இன்சுலினில் மூன்று டைசல்பைடு பிணைப்புகள் உள்ளன. அவை இன்றி இன்சுலின் இல்லை. தலைமுடியின் உறுதிக்குக் கெரட்டின் புரதத்தின் டைசல்பைடுகளே காரணம். அழகு நிலையங்களில் முடியை நிலையாகச் சுருட்டும்போது முதலில் தயோகிளைக்கோலேட்டு என்னும் தயோலைத் தடவி இப்பிணைப்புகளை உடைக்கிறார்கள். முடியைச் சுருளில் சுற்றிய பின் ஐதரசன் பெராக்சைடு கொண்டு புதிய இடங்களில் மீண்டும் பிணைக்கிறார்கள். உயிரணுக்குள் ஓயாமல் நடக்கும் அதே வினையே இது.

கண்டறியப்பட்ட வரலாறு

வரிசை தலைகீழானது: ஆக்சிசனேற்றமடைந்த வடிவமே முதலில் கண்டறியப்பட்டது. ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் 1810இல் ஒரு நோயாளியின் சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு பொருளைக் கண்டார். சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் சிஸ்டைன் என்னும் பெயர் வந்தது. சிஸ்டைன் நீரில் எளிதில் கரையாது என்பதால்தான் அது கல்லாகப் படிந்தது. அதில் கந்தகம் இருப்பதை வொல்லாஸ்டன் அறியவில்லை. சிஸ்டைனை ஒடுக்கிச் சிஸ்டீனைப் பெற்றவர் செருமானியரான பௌமன், ஆண்டு 1884.

பிரெஞ்சு ஆய்வாளர் த ரே பையாத் 1888இல், நொதி எனப்படும் ஈஸ்ட்டின் சாற்றில் கந்தகத் தூளைச் சேர்த்தால் ஐதரசன் சல்பைடு வெளிப்படுவதைக் கவனித்தார். அதற்குக் காரணமான பொருளுக்குக் கந்தகத்தை விரும்புவது என்னும் பொருளில் பிலோதியோன் என்று பெயரிட்டார். அது பெரிதும் மறக்கப்பட்டது. 1921இல் கேம்பிரிட்ச்சில் பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் அதே பொருளை மீண்டும் பிரித்தெடுத்துக் குளுட்டாதயோன் என்று பெயரிட்டார். அது குளுட்டாமிக்கு அமிலமும் சிஸ்டீனும் மட்டும் சேர்ந்தது என்று முதலில் அவர் கருதினார். பிறர் ஐயம் எழுப்பியபின், கிளைசினும் சேர்ந்த மூன்று அமினோ அமிலச் சங்கிலி அது என்பது 1929இல் நிலைநிறுவப்பட்டது. ஹாப்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அது உயிர்ச்சத்து ஆய்வுக்காக.

ஆக்சிசனேற்ற அழுத்தம் என்னும் கருத்தை ஹெல்முட் சீஸ் 1985இல் வரையறுத்தார். ஆக்சிசனேற்றிகளுக்கும் அவற்றைத் தடுப்பனவற்றுக்கும் இடையிலான நிலை முன்னவற்றின் பக்கம் சாய்வதே ஆக்சிசனேற்ற அழுத்தம் என்பது அவ்வரையறையின் சாரம். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் ஜோன்ஸ் 2006இல் இவ்வரையறையைத் திருத்த வேண்டும் என்றார். தனியுறுப்புகளின் எண்ணிக்கையை விட, தயோல்கள் வழியாக நடக்கும் செய்தித் தொடர்பும் கட்டுப்பாடும் குலைவதே நோய்க்கு மையம் என்பது அவரது வாதம்.

உயிரணுவின் உள்ளே

உயிரணுவினுள் உள்ள சிறு தயோல்களில் முதன்மையானது குளுட்டாதயோன். அதன் செறிவு லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிமோல் வரை. குளுக்கோசின் செறிவோடு ஒப்பிடத்தக்க அளவு இது. இளைப்பாறும் உயிரணுவில் ஒரு குளுட்டாதயோன் டைசல்பைடு மூலக்கூறுக்கு நூறுக்கும் மேற்பட்ட ஒடுக்கப்பட்ட குளுட்டாதயோன் மூலக்கூறுகள் இருக்கும்.

குளுட்டாதயோன் பெராக்சிடேசு என்னும் செலினியம் கொண்ட நொதியம் இரண்டு குளுட்டாதயோன்களைச் செலவிட்டு ஐதரசன் பெராக்சைடை நீராக்குகிறது. இதில் டைசல்பைடு உண்டாகிறது. குளுட்டாதயோன் ரிடக்டேசு என்னும் மற்றொரு நொதியம் அதைத் திரும்ப இரண்டு தயோல்களாக்குகிறது. இதற்கு வேண்டிய எதிர்மின்னிகளை என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைநொதியம் தருகிறது. அதுவோ குளுக்கோசைச் சிதைக்கும் பென்டோசு பாஸ்பேட்டு வழித்தடத்திலிருந்து கிடைக்கிறது. சுருங்கச் சொன்னால், தயோல்கள் தயோல்களாக இருப்பதற்கான செலவை உடல் சர்க்கரையில் கட்டுகிறது. தயோரிடாக்சின் என்னும் சிறு புரதமும் இதே நாணயத்தைக் கொண்டு, புரதங்களில் உண்டாகும் டைசல்பைடுகளை அவிழ்க்கிறது.

உயிரணுவின் எல்லா அறைகளிலும் ஒரே நிலை இல்லை. வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் மடிக்கப்படும் எண்டோபிளாச வலையில், தயோலும் டைசல்பைடும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் உள்ளன. இன்சுலின் போன்ற புரதங்களின் டைசல்பைடுகள் அங்கேதான் பிணைக்கப்படுகின்றன. இழைமணிகளின் உட்பகுதியோ மிகவும் ஒடுக்கப்பட்ட நிலையில் உள்ளது. திசுவை அரைத்து மொத்தமாக அளக்கும்போது இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகின்றன.

விகிதமா, மின்னழுத்தமா

தயோலுக்கும் டைசல்பைடுக்கும் இடையிலான விகிதத்தை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு டைசல்பைடு உண்டாக இரண்டு தயோல்கள் தேவை. ஆதலால் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் தயோலின் செறிவு இருபடியாக வருகிறது. இரண்டு உயிரணுக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் விகிதம் நூற்றுக்கு ஒன்று. ஆனால் ஒன்றில் குளுட்டாதயோன் 10 மில்லிமோல், மற்றதில் 1 மில்லிமோல். விகிதம் ஒன்றே ஆயினும், இரண்டாவது உயிரணுவின் ஆக்சிசனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம் சுமார் 30 மில்லிவோல்ட்டு அளவுக்கு ஆக்சிசனேற்றப் பக்கம் சாய்ந்திருக்கும். பத்து உரூபாயில் பத்துப் பைசா கடன்பட்டவரும், ஆயிரம் உரூபாயில் பத்து உரூபாய் கடன்பட்டவரும் விகிதத்தில் ஒன்றே. திடீர்ச் செலவு வந்தால் ஒன்றாக இரார்.

நலமுள்ள இளைஞர்களின் குருதிநீர்மத்தில் சிஸ்டீன்-சிஸ்டைன் இணையின் மின்னழுத்தம் சுமார் எதிர்ம 80 மில்லிவோல்ட்டு என்றும், குளுட்டாதயோன் இணையின் மின்னழுத்தம் சுமார் எதிர்ம 140 மில்லிவோல்ட்டு என்றும் ஜோன்ஸ் குழுவினர் அளந்தனர். ஒரே குருதியில் இருக்கும் இரு இணைகள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் நிற்பதே, இது வேதிச் சமநிலை அன்று என்பதற்குச் சான்று. முதுமையிலும் புகைப்பழக்கத்திலும் சிஸ்டீன் இணையின் மின்னழுத்தம் ஆக்சிசனேற்றப் பக்கம் நகர்வதையும் அவர்கள் கண்டனர்.

குருதியில்

நோயாளியின் கல்லீரலையோ மூளையையோ வெட்டி எடுத்து அளக்க இயலாது. ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் குருதியையே நாடுகின்றன. ஆனால் குருதிநீர்மம் உயிரணுவிலிருந்து முற்றிலும் வேறுபட்ட இடம். அங்கே குளுட்டாதயோன் சில மைக்ரோமோல் மட்டுமே. உயிரணுவில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனலாம். சிறு மூலக்கூறுகளில் சிஸ்டைனே மிகுதி, லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோமோல். எஞ்சிய தயோல் பெரும்பாலும் ஒரே புரதத்தைச் சேர்ந்தது: ஆல்புமின்.

மனித ஆல்புமின் 585 அமினோ அமிலங்கள் கொண்டது. அவற்றுள் 35 சிஸ்டீன்கள். இவற்றில் 34 தமக்குள் இணைந்து 17 டைசல்பைடுகளாகப் புரதத்தின் உள்ளே மறைந்துள்ளன. துணையின்றி நிற்கும் ஒரே சிஸ்டீன் 34ஆம் இடத்தில் இருக்கிறது. நலமுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆல்புமினில் இது தயோலாக உள்ளது. மீதியில் பெரும்பாலும் வேறொரு தனிச் சிஸ்டீனோடு டைசல்பைடாகப் பிணைந்துள்ளது. ஆல்புமினின் அரைவாழ்வுக் காலம் சுமார் 19 நாட்கள் என்பதால், அந்தச் சிஸ்டீன் தன் வாழ்நாளில் சந்தித்த ஆக்சிசனேற்றத்தின் தடயத்தைத் தாங்கி நிற்கிறது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் ஆக்சிசனேற்றமடைந்த பங்கு கூடுகிறது. குருதி ஊடுபிரிப்புச் செய்தபின் ஓரளவு குறைகிறது.

அளவிடும் முறைகள்

சார்ச்சு எல்மன் 1959இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எல்மன் வினைப்பொருள் தானே ஒரு டைசல்பைடு. அதைத் தயோல் உடைத்தால் மஞ்சள் நிறப் பொருள் வெளிப்படும். 412 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த மஞ்சளின் செறிவை அளந்தால் தயோலின் அளவு கிடைக்கும். மலிவானது, எளிது, பள்ளி ஆய்வகத்திலும் செய்யத்தக்கது. ஆனால் எந்தத் தயோல் என்று அது சொல்லாது. சிஸ்டீன், சிஸ்டைன், குளுட்டாதயோன் ஆகியவற்றைத் தனித்தனியே அறிய உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை முறையோ நிறைமாலை அளவியோ தேவை.

துருக்கியின் அங்காராவைச் சேர்ந்த ஓஸ்ஜான் எரெல், சலீம் நெஷெலியோலு ஆகியோர் 2014இல் தானியங்கி முறை ஒன்றை வெளியிட்டனர். மாதிரியின் ஒரு பகுதியில் எல்மன் வினைப்பொருளால் இயல்தயோல் அளக்கப்படும். மற்றொரு பகுதியில் சோடியம் போரோஐதரைடு சேர்த்து டைசல்பைடுகள் தயோல்களாக உடைக்கப்படும். மிஞ்சிய போரோஐதரைடு பார்மால்டிஹைடால் நீக்கப்பட்டபின் மொத்தத் தயோல் அளக்கப்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி டைசல்பைடு. புகைப்போர், நீரிழிவு, உடற்பருமன், நிமோனியா ஆகியவற்றில் டைசல்பைடு கூடியிருப்பதாகவும், பல்கிய எலும்பு மச்சைப் புற்று, சிறுநீர்ப்பை, பெருங்குடல், சிறுநீரகப் புற்றுகளில் குறைந்திருப்பதாகவும் அவர்கள் தெரிவித்தனர். வழக்கமான மருத்துவமனைக் கருவியிலேயே செய்ய முடிந்ததால் இம்முறை விரைந்து பரவியது. தோல் நோய் முதல் மனநோய் வரை எண்ணற்ற ஆய்வுக் கட்டுரைகள் இதைப் பயன்படுத்தியுள்ளன.

இவ்வெண்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நலமுள்ளவர்களில் இம்முறை காட்டும் இயல்தயோல் சுமார் 400 மைக்ரோமோல். டைசல்பைடு சுமார் 17 மைக்ரோமோல். குருதிநீர்மத்தில் ஆல்புமின் லிட்டருக்கு 40 கிராம் என்று கொண்டால் அது ஏறத்தாழ 600 மைக்ரோமோல். அதில் 70 விழுக்காடு தயோலாக இருந்தால் 420. அதாவது அளக்கப்படும் இயல்தயோல் என்பது நடைமுறையில் ஆல்புமினே. கல்லீரல் நோயாலோ ஊட்டக் குறைவாலோ ஆல்புமின் 25 கிராமாகக் குறைந்த நோயாளிக்கு, கூடுதல் ஆக்சிசனேற்றம் சிறிதும் இல்லாமலேயே தயோல் 260 அளவுக்கு இறங்கிவிடும். ஆல்புமினைக் கணக்கில் எடுக்காமல் தயோல் குறைந்துள்ளது, எனவே ஆக்சிசனேற்ற அழுத்தம் மிகுந்துள்ளது என்று முடிவு செய்வது பிழை.

டைசல்பைடின் எண் இதைவிடச் சிக்கலானது. ஆல்புமினில் மீதமுள்ள 30 விழுக்காடு சுமார் 180 மைக்ரோமோல். அதன் பெரும்பகுதி சிஸ்டீனோடு பிணைந்த கலப்பு டைசல்பைடு. இதனோடு தனிச் சிஸ்டைன் 50ஐச் சேர்த்தால் இருநூற்றைத் தாண்டும். புரதத்தின் உள்ளே மறைந்துள்ள 17 டைசல்பைடுகளையும் எண்ணினால் பத்தாயிரத்தைத் தாண்டும். சோதனை காட்டுவதோ 17 மைக்ரோமோல். ஆகவே அது குருதியின் டைசல்பைடு முழுவதையும் அளக்கிறது என்று கொள்ள இயலாது. அச்சூழலில் போரோஐதரைடு உடைத்த ஒரு சிறு பகுதியையே அளக்கிறது. எந்தப் பகுதி என்பது தெளிவாகாத வரை, அது கூடியது குறைந்தது என்பதற்குப் பொருள் கூறுவதும் கடினம்.

மேலும், ஏறத்தாழ சமமான இரு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுவது எந்தத் துறையிலும் இடர் மிகுந்த கணக்கு. இயல்தயோல் 400, மொத்தத் தயோல் 434 என்றால் டைசல்பைடு 17. முதல் எண் 2 விழுக்காடு குறைவாகவும் இரண்டாவது 2 விழுக்காடு கூடுதலாகவும் அளக்கப்பட்டால் விடை 25 ஆகிவிடும். பிழைகள் எதிர்மாறாக அமைந்தால் 9க்கும் கீழே போகும். நூறு நோயாளிகளின் சராசரியில் இத்தகைய தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒரு தனி மனிதரின் ஆய்வக அறிக்கையில் அவ்வாறு ஈடுசெய்ய வழியில்லை.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகள்

மருத்துவ ஆய்வுகளில் இதுவே மிகுதியாகக் கவனிக்கப்படாத பகுதி. குருதியை எடுத்த நொடியிலிருந்து தயோல்கள் காற்றால் ஆக்சிசனேற்றமடையத் தொடங்குகின்றன. சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றினுள் மில்லிமோல் அளவில் இருக்கும் குளுட்டாதயோன் வெளியே கொட்டி, மைக்ரோமோல் அளவில் இருக்க வேண்டிய குருதிநீர்மத்தின் எண்ணை முழுதும் மாற்றிவிடும். புரதங்களை நீக்க அமிலம் சேர்ப்பது வழக்கம். முழுக்குருதியில் அமிலம் சேர்க்கும்போது குருதிவண்ணத்தோடு உள்ள ஆக்சிசன், குளுட்டாதயோனைச் சோதனைக் குழாயிலேயே டைசல்பைடாக மாற்றுகிறது.

இதன் விளைவாக, நலமுள்ளவர்களின் குருதியிலுள்ள குளுட்டாதயோன் டைசல்பைடின் அளவு என்று வெளியான எண்கள் ஓரிரு மைக்ரோமோலிலிருந்து நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் வரை பரந்து கிடந்தன. குருதியை எடுத்த உடனே என்-எத்தில்மாலிமைடு என்னும் பொருளைச் சேர்த்தால் அது தயோல்களைப் பூட்டிவிடும். அவ்வாறு பூட்டி அளந்தால் எண் ஒரு சில மைக்ரோமோலுக்குள் அடங்குவதை 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கு முன் நோயின் அடையாளமாகக் கருதப்பட்ட எண்களில் ஒரு பகுதி, உடலில் அன்றிக் குழாயில் உண்டானது.

நோய்களில்

தயோல் இழப்பே நோய்க்கு நேர்க் காரணம் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட நிலைகள் சிலவே. அவற்றுள் தெளிவானது பாரசிட்டமால் நஞ்சு. அளவோடு உட்கொண்டால் இம்மருந்தின் சிறு பகுதி கல்லீரலில் வினைமிக்க ஒரு பொருளாக மாற, குளுட்டாதயோன் அதனோடு பிணைந்து வெளியேற்றிவிடும். அளவு மிகும்போது கல்லீரலின் குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு செலவான பின்னரே கல்லீரல் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன என்பதை 1970களின் விலங்காய்வுகள் காட்டின. முதல் நாளில் நோயாளிக்குப் பெரிய துன்பம் எதுவும் தெரியாமல் இருப்பதே இந்நஞ்சின் கொடுமை. மாற்று மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன், உடல் மீண்டும் குளுட்டாதயோன் செய்வதற்குச் சிஸ்டீனை வழங்குகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் பெரும்பாலும் கல்லீரல் காப்பாற்றப்படுகிறது. எனவே மிகையாக உட்கொண்டவர் நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும்.

மற்றொன்று ஜி6பிடி குறைபாடு. மலேரியாவுக்கான பிரைமாகுயின் மருந்தால் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைவதன் காரணத்தைத் தேடியபோது, அவர்களின் சிவப்பணுக்களில் குளுட்டாதயோன் குறைவாகவும் எளிதில் அழிவதாகவும் இருப்பது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து, என்.ஏ.டி.பி.எச். தரும் வழித்தடத்தின் முதல் நொதியமே அவர்களிடம் குறைவு என்பது 1956இல் வெளியாயிற்று. சிவப்பணுவில் இழைமணிகள் இல்லாததால் அதற்கு வேறு வழித்தடம் கிடையாது. மேலே சொன்ன தொட்டி உவமையில், இறைக்கும் பொறியே பழுதான நிலை இது.

பிற நோய்களில் தொடர்பு காணப்படுகிறது. காரணமா விளைவா என்பது பெரும்பாலும் தீர்க்கப்படவில்லை. பார்க்கின்சன் நோயில் மூளையின் கருங்கட்டுப் பகுதியில் குளுட்டாதயோன் குறைந்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றில் உயிரணுக்களின் குளுட்டாதயோன் குறைந்தவர்களின் வாழ்நாள் குறுகியிருந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயத் தமனிப் படமெடுப்புக்கு வந்த சுமார் 1,400 பேரை ஏறத்தாழ ஐந்தாண்டு பின்தொடர்ந்து எமரி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிஸ்டைன் மிகுந்தும் குளுட்டாதயோன் குறைந்தும் இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. வழக்கமான இடர்க் காரணிகளைக் கழித்த பின்னும் இத்தொடர்பு நீடித்தது. இத்துறையின் வலுவான சான்றுகளுள் இது ஒன்று. அங்கே அளக்கப்பட்டவை பெயர் தெரிந்த தனி மூலக்கூறுகள் என்பதையும், மாதிரிகள் உடனடியாகப் பாதுகாக்கப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும்.

புற்றுநோயில் நிலைமை எளிய விதிக்கு அடங்குவதில்லை. பல புற்று உயிரணுக்கள் குளுட்டாதயோனை மிகுதியாகச் செய்து தம்மையே காத்துக்கொள்கின்றன. சில மருந்துகளுக்கு அவை மசியாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம். நுரையீரல் புற்று வளர்க்கப்பட்ட எலிகளுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீனும் உயிர்ச்சத்து ஈயும் கொடுத்தபோது புற்று விரைந்து வளர்ந்ததைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

மருத்துவப் பயன்பாடு

ஆக்சிசனேற்றத் தடுப்பிகளை உட்கொண்டால் நோய் குறையும் என்னும் எதிர்பார்ப்பு பெரிய ஆய்வுகளில் நிறைவேறவில்லை. பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள ஆண்களிடையே நடந்து 1994இல் வெளியான ஆய்வில் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. 2000இல் வெளியான ஆய்வில் உயிர்ச்சத்து ஈ இதய நோயைத் தடுக்கவில்லை. காரணம் தெரியாத நுரையீரல் நார்த்திசு நோய்க்குத் தரப்பட்ட என்-அசிட்டைல்சிஸ்டீனும் 2014இல் வெளியான ஆய்வில் பயன் தரவில்லை. பெராக்சைடு உடலில் செய்திகளைக் கடத்தவும் பயன்படுவதால், அதைக் கண்மூடித்தனமாக அடக்குவது நன்மையே தரும் என்று சொல்ல இயலாது.

வாயால் உட்கொள்ளும் குளுட்டாதயோனின் பெரும்பகுதி குடலிலேயே அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. தோலை வெளுக்கச் செய்யும் என்று கூறி அதை ஊசியாகச் செலுத்தும் வணிகம் பல ஆசிய நாடுகளில் நடக்கிறது. இப்பயன்பாட்டின் தீங்குகள் குறித்துப் பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துள்ளது.

தயோல்-டைசல்பைடு அளவு எந்த ஒரு நோயையும் தனித்து அடையாளம் காட்டாது. நிமோனியா, நீரிழிவு, புகைப்பழக்கம், முதுமை, அண்மையில் உண்ட உணவு ஆகிய அனைத்தும் அதை மாற்றும். பரவலாக ஏற்கப்பட்ட இயல்பு எல்லைகளும் அதற்கு இல்லை. இதனால் இச்சோதனை ஆய்வுக் கருவியாகவே உள்ளது. நோயாளிக்கு மருந்து தொடங்கவோ நிறுத்தவோ இதை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. இது பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் மாணவர் நான்கு செய்திகளைத் தேட வேண்டும்: குருதி எடுக்கப்பட்டது முதல் தயோல்கள் பூட்டப்படும் வரை சென்ற நேரம், சிவப்பணுச் சிதைவு சரிபார்க்கப்பட்டதா என்பது, நோயாளிகளின் ஆல்புமின் அளவு, அளக்கப்பட்ட மூலக்கூறின் பெயர். இவை தரப்படாத கட்டுரையில் இரு குழுக்களுக்கு இடையே காணும் வேறுபாடு, நோயைப் பற்றியதா மாதிரியைப் பற்றியதா என்று பிரித்தறிய வழியில்லை.